குலத்துக்கும் உம்மத்துக்கும் நடுவே: தொடக்க கால முஸ்லிம் சமூகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

கி.பி. 610 வாக்கில் மக்காவில் ஒரு வீட்டுக்குள் தொடங்கியது இஸ்லாமிய சமூகம். நபிகள் நாயகத்தின் செய்தியை முதலில் ஏற்றவர் அவருடைய மனைவி கதீஜா. அந்த வீட்டில் வளர்ந்த இளவயது அலீ, அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஸைத், நெருங்கிய நண்பர் அபூபக்கர் ஆகியோர் அடுத்து வந்தார்கள். நூறு ஆண்டு கழித்து, 711இல், அதே சமூகத்தின் படைகள் ஒரு முனையில் ஸ்பெயினிலும் மறுமுனையில் சிந்துவிலும் நின்றன. இதற்கு வாள்தான் காரணம் என்பது பழைய பதில். மக்காவின் வணிகச் செழிப்பு என்றும், ரோமும் பாரசீகமும் களைத்துப் போயிருந்தன என்றும் வேறு பதில்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், பரவியது எப்படி என்று கேட்கும் அளவுக்கு, பரவிய அந்தச் சமூகத்தில் யார் யார் சேர்த்தி, எந்த உரிமையில் சேர்த்தி என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் முதல் 140 ஆண்டு வரலாறு வேறு வெளிச்சத்தில் தெரிகிறது.

முதலில் சான்றுகள். நபிகளின் வரலாற்றை விரிவாகத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் ஏறக்குறைய 767இல் இறந்தார். அவர் நூல் 833இல் மறைந்த இப்னு ஹிஷாமின் சுருக்கத்தின் வழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. வாகிதி, இப்னு ஸஅத், பலாதுரி, தபரி எல்லோரும் இப்னு இஸ்ஹாக்குக்குப் பிந்தியவர்கள். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால், 1970களில் சில ஆய்வாளர்கள் இந்த மரபு முழுவதையும் ஒதுக்கிவிட்டு எழுதப் பார்த்தார்கள். பட்ரீஷியா குரோனும் மைக்கேல் குக்கும் 1977இல் வெளியிட்ட நூல் அதன் உச்சம். அதே ஆண்டு ஜான் வான்ஸ்பரோ, குர்ஆன் தொகுப்பே நீண்ட காலம் கழித்துத்தான் முடிந்தது என்று வாதிட்டார். இன்று அந்த வாதம் நிற்கவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் ஏடுகளின் தோல் 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று கார்பன் ஆய்வு சொல்கிறது. வடமேற்கு அரேபியாவில் ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர், இரண்டாம் கலீஃபா உமர் இறந்த வேளையில் ஹிஜ்ரி 24ஆம் ஆண்டில் இதை எழுதினேன் என்று பொறித்து வைத்திருக்கிறார். மரபு நூல்களின் சட்டகத்தைக் கல்லும் தோலும் தாங்கி நிற்கின்றன. சட்டகத்துக்குள் இருக்கும் உரையாடல்களையும் எண்ணிக்கைகளையும் மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது.

அரேபியா உலகத்தை அறியாத பாலைவனமாக இருந்தது என்பது நெடுநாள் எண்ணம். யமனில் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கல்வெட்டுகள் பல தெய்வப் பெயர்களை விட்டுவிட்டு ரஹ்மானான் என்ற ஒரே இறைவனை அழைக்கத் தொடங்கிவிட்டன. அங்கே யூத மதம் தழுவிய அரசர்கள் ஆண்டார்கள். 523இல் நஜ்ரானில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டதும், அதைக் காரணம் காட்டி எத்தியோப்பியா படையெடுத்தது. ஆகவே ஓரிறைக் கொள்கை அரபு மண்ணுக்குப் புதிதல்ல.

புதிதாக இருந்தது வேறொன்று: குலத்தைத் தாண்டிய சமூகம். அதன் புதுமை புரிய மக்காவின் பழைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். மக்காவில் காவல் நிலையமோ நீதிமன்றமோ கிடையாது. ஒருவனை யாராவது கொன்றால் பழி வாங்கவோ இரத்த ஈடு கேட்கவோ அவனுடைய குலம் வரும் என்ற அச்சம்தான் அவனுக்குப் பாதுகாப்பு. குலம் கைவிட்டவனுக்கு உயிர் இல்லை. நபிகளை ஏற்காத அவருடைய பெரிய தந்தை அபூதாலிப்தான் கடைசி வரை அவரைக் காத்தார். குலப் பெருமையும் பாசமும் அவரைக் காக்க வைத்தன. காக்க யாருமில்லாத அடிமைகளே வதைபட்டார்கள். பிலால் சுடுமணலில் கிடத்தப்பட்டார். சுமைய்யா கொல்லப்பட்டார், இஸ்லாத்தின் முதல் ஷஹீத் (உயிர்த்தியாகி) என்று நினைவுகூரப்படுபவர் ஒரு பெண், அதுவும் அடிமைப் பெண். 615 வாக்கில் ஒரு கூட்டம் கடல் கடந்து அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசரிடம் அடைக்கலம் புகுந்தது.

619இல் கதீஜாவும் அபூதாலிபும் அடுத்தடுத்து இறந்தார்கள். குலத் தலைமை அபூலஹபிடம் போனது, பாதுகாப்பு விலகியது. தாயிஃப் நகரில் ஆதரவு தேடிக் கல்லடி பட்டுத் திரும்பிய நபிகளால் சொந்த ஊருக்குள் நுழையவே முடியவில்லை. வேறு குலத்தைச் சேர்ந்த முத்இம் இப்னு அதீ பொறுப்பேற்று, தம் மகன்களை ஆயுதத்தோடு நிறுத்தி உள்ளே அழைத்துவந்தார். முத்இம் முஸ்லிம் ஆகவில்லை. சில ஆண்டுகள் கழித்து பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளைப் பார்த்தபோது, முத்இம் உயிரோடு இருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக விட்டிருப்பேன் என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. குல அமைப்பின் நன்மை தீமை இரண்டையும் தம் உடம்பில் அனுபவித்தவர் நபிகள்.

மக்காவின் பொருளாதாரம் பற்றி ஒரு பெரிய விவாதம் உண்டு. மாண்ட்கோமரி வாட் 1950களில் எழுதிய இரண்டு நூல்களில், நீள்தூர வணிகத்தால் சில குடும்பங்கள் கொழுத்தன, பழைய குல ஒற்றுமை உடைந்தது, அநாதைகளும் விதவைகளும் தவித்தார்கள், அந்தப் புண்ணுக்கு மருந்தாக இஸ்லாம் வந்தது என்று விளக்கினார். குரோன் 1987இல் இதை அடித்து நொறுக்கினார். சாம்பிராணியும் வாசனைப் பொருளும் மக்கா வழியாகப் போனதற்குச் சான்று இல்லை, மக்காவின் பெருங்குலமான குறைஷியர் விற்றவை தோலும் துணியும் போன்ற சாதாரணச் சரக்குகள் என்றார். பிறகு அவரே, ரோமானியப் படைக்குக் கூடாரமும் சேணமும் செய்ய எவ்வளவு தோல் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, தோல் வணிகத்தைச் சற்றுப் பெரிதாகவே எண்ண இடமுண்டு என்று எழுதினார். வணிகத்தின் அளவில் குரோன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குர்ஆனின் தொடக்க அத்தியாயங்கள் அநாதையை விரட்டுபவனையும் எடை குறைப்பவனையும் அத்தனை கடுமையாகச் சாடுவதைப் படித்தவர்களுக்கு வாட் முற்றிலும் தவறான இடத்தில் தேடவில்லை என்பது தெரியும்.

மக்காவுக்கு வடக்கே சோலையூரான, பின்னர் மதீனா எனப்பட்ட யத்ரிபில் அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு பெருங்குலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. 617 வாக்கில் புஆஸ் என்ற இடத்தில் நடந்த சண்டை இரு பக்கத் தலைவர்களையும் கொண்டுபோனது. எந்தக் குலத்தையும் சேராத நடுவர் ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். 622இல் ஹஜ் காலத்து இரவொன்றில் அகபா கணவாயில் 73 ஆண்களும் 2 பெண்களும் நபிகளைத் தங்கள் சொந்த மனைவி மக்களைப் போல் காப்பதாக உறுதி கொடுத்தார்கள். இரத்த உறவு தர வேண்டிய பாதுகாப்பை வாக்குறுதி தந்தது. அந்த ஆண்டே ஹிஜ்ரத், அதாவது மதீனாவுக்கான இடப்பெயர்வு, நடந்தது. பின்னர் உமர் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது நபிகளின் பிறப்பிலிருந்தோ முதல் வஹீயிலிருந்தோ தொடங்காமல் இந்த இடப்பெயர்விலிருந்து தொடங்கினார். தமிழில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டமாகவே வகுத்தார்.

மதீனாவில் எழுதப்பட்ட உடன்படிக்கைதான் நம் கேள்விக்கு முதன்மையான சான்று. இப்னு இஸ்ஹாக்கின் நூலில் அது முழுதாக இருக்கிறது. மரபை நம்பாத ஆய்வாளர்கள்கூட இதன் பழமையை ஒப்புக்கொள்கிறார்கள். பிற்காலத்தவர் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு சங்கடமான ஆவணத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். குறைஷியிலிருந்து வந்தவர்களும் யத்ரிபின் விசுவாசிகளும் அவர்களோடு சேர்ந்து போராடுவோரும் மற்ற மக்களிலிருந்து பிரிந்த ஓர் உம்மத், அதாவது ஒரே சமூகம், என்கிறது அது. யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று சொல்லிவிட்டு, பனூ அவ்ஃப் யூதர்களையும் விசுவாசிகளோடு சேர்ந்த உம்மத்தாகக் கணக்கில் எடுக்கிறது. தகராறு வந்தால் இறைவனிடமும் முஹம்மதிடமும் கொண்டுவர வேண்டும். அதே ஆவணம், இரத்த ஈட்டைப் பழையபடி அந்தந்தக் குலமே சேர்ந்து கட்ட வேண்டும் என்றும் விதிக்கிறது. குலத்தை ஒழிக்கவில்லை, குலங்களின் மேல் ஒரு கூரை போட்டது. பின்னால் வந்த அத்தனை சிக்கலும் இந்த இரட்டை ஏற்பாட்டில் விதையாகக் கிடந்தது என்று நினைக்கிறேன்.

கையில் ஒன்றுமில்லாமல் வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகளோடு ஒருவருக்கொருவர் சகோதரர்களாக நபிகள் இணைத்துவைத்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ. என் சொத்தில் பாதி உமக்கு என்றார் ஸஅத். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கைனுகா சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்று லாபத்தோடு வந்தார். மக்கத்து வணிகரின் சாமர்த்தியமும் மதீனத்து விவசாயியின் தாராளமும் இந்த ஒரு நிகழ்ச்சியில் தெரிகின்றன. இந்தச் சகோதரர்கள் முதலில் ஒருவருக்கொருவர் வாரிசாகவும் இருந்தார்கள். விரைவிலேயே குர்ஆன் வசனம் இறங்கி, வாரிசுரிமை இரத்த உறவுக்கே திரும்பியது. பாகப்பிரிவினை என்று வரும்போது குடும்பத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை.

மக்கத்தாரோடு நடந்த பத்ரு, உஹது, அகழ்ப்போர் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. 624இல் பத்ரில் நின்ற ஏறக்குறைய 313 பேரில் முஹாஜிர்கள் 80 பேர் அளவே. மற்றவர் எல்லாம் அன்சாரிகள். மக்கத்துப் படையில் முஹாஜிர்களின் தந்தையும் மாமனும் மைத்துனனும் எதிரே நின்றார்கள். யூதக் குலங்களோடு உறவு முறிந்ததும் இதே ஆண்டுகளில்தான். கைனுகாவும் நளீரும் வெளியேற்றப்பட்டார்கள். 627இல் அகழ்ப்போருக்குப் பின் குறைழா குலத்து ஆண்கள் கொல்லப்பட்டார்கள் என்று முஸ்லிம் மரபே பதிவு செய்கிறது. போர் நடுவே எதிரியோடு கைகோத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. எண்ணிக்கை பற்றியும் நடந்த விதம் பற்றியும் விவாதம் தொடர்கிறது. எப்படிப் பார்த்தாலும், உடன்படிக்கையில் விரிந்திருந்த உம்மத்தின் எல்லை ஐந்தே ஆண்டுகளில் சுருங்கிவிட்டது. இதைச் சொல்லாமல் கடந்து போகிற ஆய்வு நேர்மையானதாக இருக்காது.

என்னைக் கேட்டால் வளர்ச்சியின் திருப்புமுனை எந்தப் போரும் அல்ல, 628இல் ஹுதைபியாவில் நடந்த சமாதானம். உம்ரா செய்யப் புறப்பட்ட ஏறக்குறைய 1,400 பேரை மக்காவுக்கு வெளியே குறைஷியர் மறித்தார்கள். பேச வந்தவர் சுஹைல் இப்னு அம்ரு. அலீ எழுதினார். அல்லாஹ்வின் தூதர் முஹம்மது என்று எழுதியதும் சுஹைல் தடுத்தார். அதை நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் உங்களோடு ஏன் சண்டை, உம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதும் என்றார். அழிக்க அலீக்குக் கை வரவில்லை. நபிகளே அழித்தார். மக்காவிலிருந்து ஓடிவரும் முஸ்லிமைத் திருப்பி அனுப்ப வேண்டும், மதீனாவிலிருந்து ஓடுபவரை அவர்கள் அனுப்ப வேண்டியதில்லை என்பது ஒரு நிபந்தனை. எழுதி முடிக்கும் முன்பே சுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் கால் சங்கிலியோடு தப்பி வந்து முஸ்லிம்கள் நடுவே விழுந்தார். கதறக் கதறத் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டார். உமர் கொதித்தார். பலியிட்டுத் தலைமுடி களையுங்கள் என்று நபிகள் சொன்னபோது ஒருவரும் எழவில்லை. நீங்கள் யாரிடமும் பேசாமல் போய் முதலில் செய்யுங்கள் என்று அவருடைய மனைவி உம்மு ஸலமா யோசனை சொன்னார். அவர் செய்தார், எல்லோரும் எழுந்தார்கள்.

அவமானமாகத் தெரிந்த அந்த ஒப்பந்தத்தின் கணக்கை இப்னு ஹிஷாமே போட்டுக் காட்டுகிறார். ஹுதைபியாவுக்கு வந்தவர்கள் 1,400. இரண்டே ஆண்டுகளில், 630இல், மக்காவுக்குள் நுழைந்தவர்கள் 10,000. சண்டை நின்றதும் இரு ஊராரும் சந்தையிலும் வழியிலும் பேசிக்கொண்டார்கள், பேசியவர்கள் சேர்ந்தார்கள் என்பது அந்நூலின் விளக்கம். எண்ணிக்கைகளைத் தோராயமாகவே வைத்துக்கொண்டாலும் போக்கு தெளிவு.

632இல் நபிகள் மறைந்த அன்றே கேள்வி மீண்டும் எழுந்தது. உடல் அடக்கம் ஆகும் முன் அன்சாரிகள் ஸகீஃபா என்ற பந்தலில் கூடித் தம்மில் ஒருவரான ஸஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்கப் பார்த்தார்கள். எங்களில் ஒருவர், உங்களில் ஒருவர் என்ற சமரசமும் பேசப்பட்டது. குறைஷியரைத் தவிர வேறு யாரையும் அரபுகள் ஏற்க மாட்டார்கள் என்ற வாதம் வென்றது. அபூபக்கர் கலீஃபா ஆனார். நபிகள் தம் வாழ்நாளிலேயே கதீர் கும் என்ற இடத்தில் அலீயை நியமித்தார்கள் என்பது ஷியா மரபின் உறுதி. இரு தரப்பிலும் குடும்பமும் குலமும் வாதத்துக்குள் வந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஜகாத் தர மறுத்த குலங்கள், நாங்கள் வாக்குக் கொடுத்தது மனிதர் ஒருவருக்கு, அவர் போன பின் வாக்கும் போயிற்று என்ற பழைய அரபு நியாயத்தில் நின்றன. அபூபக்கர் அதை ஏற்கவில்லை. சமூகம் தலைவரின் உயிரோடு முடிவதில்லை என்பது அந்தக் குலங்களோடு நடந்த ரித்தா போர்களில் இரத்தத்தால் நிலைநாட்டப்பட்டது.

அதன் பின் வந்த வெற்றிகளுக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. ரோமும் பாரசீகமும் 602 முதல் 628 வரை விடாமல் போரிட்டன. 541இலிருந்து பிளேக் நோய் அலையலையாக வந்து நகரங்களைக் காலி செய்தது. 636இல் ரோமருக்கு எதிரான யர்மூக் போர், அதையொட்டி பாரசீகருக்கு எதிரான காதிஸிய்யா போர், 642க்குள் எகிப்து. வெற்றி கொண்ட பிறகு உமர் செய்த முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈராக்கின் விளைநிலத்தைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுத் தராமல், உழுதவனிடமே விட்டு வரி வாங்கினார். வீரர்களை பஸ்ரா, கூஃபா, ஃபுஸ்தாத் என்ற புதிய பாளைய நகரங்களில் குடியேற்றினார்.

வியன்னாவின் தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. ஹிஜ்ரி 22, அதாவது 643. எகிப்தின் இஹ்னாஸில் அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற தளபதியும் அவர் ஆட்களும் 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. மேலே கிரேக்கம், கீழே அரபு. கொடுத்தவர்கள் உள்ளூர்க் கிறிஸ்தவ நிலக்கிழாரின் மகன்கள். அறுப்புக்கு 50, மேலும் 15. பின்பக்கத்துக் கிரேக்கக் குறிப்பு, வந்திருக்கும் முஹாஜிர்களுக்கு வரிக் கணக்கில் முன்பணமாகக் கொடுத்த ஆடுகள் என்கிறது. நபிகள் மறைந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. கொள்ளையடித்துப் போகும் கூட்டம் ரசீது எழுதித் தராது. மதம் மாறச் சொன்ன சுவடும் இந்த ஏட்டில் இல்லை. ஜோர்டானில் உம்முர் ரஸாஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் முஸ்லிம் ஆட்சி வந்து நூறு ஆண்டு தாண்டியும், 8ஆம் நூற்றாண்டில், புது மொசைக் தளம் பதித்திருக்கிறார்கள். ஆட்சி ஓடியது, மார்க்கம் நடந்து வந்தது.

முதல் தலைமுறையில் முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என்ற கோடே அழுத்தமாக இல்லை, விசுவாசிகளின் பொது இயக்கமாகத்தான் இருந்தது என்பது ஃப்ரெட் டானர் 2010இல் வெளியிட்ட நூலின் வாதம். மதீனா உடன்படிக்கை அவருக்குத் துணை. ஆட்சியாளர் விசுவாசிகளின் தலைவர் என்றே அழைக்கப்பட்டார் என்பதும் துணை. ஆனால் மதீனா காலத்து வசனங்களிலேயே பிற வேதக்காரர்களோடு கடுமையான விவாதம் நடக்கிறது, நோன்பும் கிப்லாவும் (தொழுகைத் திசை) தனித்துவிட்டன. டானர் தொடக்கத்தைச் சரியாகப் பார்த்தார், அதை அளவுக்கு மீறி நீட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. பொது அடையாளம் உரக்க அறிவிக்கப்பட்டது மட்டும் பிந்தித்தான். நாணயத்தில் முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்ற வாசகம் ஹிஜ்ரி 66இல் வருகிறது, அதுவும் ஆட்சியிலிருந்த உமையா வம்சத்தை எதிர்த்த இப்னு ஸுபைர் தரப்பின் நாணயத்தில். பிறகே உமையா கலீஃபா அப்துல் மலிக் ஜெரூசலத்துக் குவிமாடத்திலும் தம் தங்கக் காசிலும் அதைப் பொறித்தார்.

உள்ளுக்குள்ளே குலம் திரும்பி வந்துகொண்டிருந்தது. உமர் ஏற்படுத்திய திவான் என்ற பதிவேட்டில் உதவித்தொகை மூப்பு வரிசைப்படி கிடைத்தது. பத்ரில் நின்றவருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என்பது மரபு. ஆனால் பெயர்கள் எழுதப்பட்டவை குலம் குலமாக. மூன்றாம் கலீஃபா உஸ்மான் தம் உமையா உறவினருக்குப் பதவி கொடுத்தார் என்ற முணுமுணுப்பு 656இல் அவர் கொலையில் முடிந்தது. அதன் பின் வந்த உள்நாட்டுப் போர்களான ஒட்டகப் போர், ஸிஃப்பீன், 661இல் அலீயின் கொலை, 680இல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் வீழ்ந்தது எல்லாம் ஐம்பது ஆண்டுக்குள் நடந்துவிட்டன. நபிகளின் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற அந்த ஆண்டுகளைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய பாரசீகரும் பிறரும் ஏதாவது ஓர் அரபுக் குலத்தின் சார்பாளராக, மவாலியாக ஒட்டிக்கொண்டால்தான் சமூகத்துக்குள் இடம். ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ், நகரத்துக்கு வந்துவிட்ட மவாலிகளைக் கிராமத்துக்கே விரட்டினார், கையில் ஊர்ப் பெயரைப் பச்சை குத்தினார் என்று அரபு நூல்கள் குறிக்கின்றன. அவர்கள் முஸ்லிம் ஆனால் வரி குறையும் என்ற கவலை. 717இல் கலீஃபா பதவிக்கு வந்த இரண்டாம் உமர், முஸ்லிம் ஆனவரிடம் ஜிஸ்யா வரி வாங்கக் கூடாது என்றார். குராசான் ஆளுநர், வருபவர்கள் உண்மையானவர்களா என்று பார்க்க விருத்தசேதனம் செய்திருக்கிறார்களா எனச் சோதிக்கலாமா என்று கேட்டார். நபிகள் அழைப்பதற்காக அனுப்பப்பட்டவர், இதற்காக அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. மூன்றாண்டில் உமர் இறந்தார். 728இல் சமர்கந்துப் பக்கத்து மக்களுக்கு அதே சலுகையை அறிவித்த மற்றோர் ஆளுநர், வருவாய் சரிந்ததும் வாக்கை மீறினார். முஸ்லிம் ஆன மக்களே கலகம் செய்தார்கள்.

ரிச்சர்ட் புல்லியட் 1979இல், அறிஞர்களின் வம்சாவளிகளில் முதல் முஸ்லிம் பெயர் எப்போது வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். உமையா ஆட்சி முடியும்போது ஈரானில் பத்தில் ஒருவர்கூட மாறியிருக்க மாட்டார், பெரும்பான்மை ஆனது 9ஆம் நூற்றாண்டில் என்பது அவர் கணிப்பு. அவர் எண்ணியவை நகரத்துக் கற்றவர்களின் பெயர்கள். கிராமங்களில் இன்னும் மெதுவாகவே நடந்திருக்கும்.

747இல் குராசானின் மர்வ் நகருக்கு அருகில் உமையாக்களுக்கு எதிராகக் கருப்புக் கொடி ஏற்றிய அபூ முஸ்லிம் தாமே ஒரு மவாலி. அவரிடம் சேர வந்தவர்களில் அரபுகளும் இருந்தார்கள், பாரசீகரும் இருந்தார்கள். படைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரையும் தந்தை பெயரையும் எழுதிவிட்டு, குலம் எழுத வேண்டிய இடத்தில் ஊரை எழுதும்படி அவர் உத்தரவிட்டதாகத் தபரி குறிக்கிறார். மூன்று ஆண்டில் அந்தப் படை உமையா ஆட்சியை வீழ்த்தி, அப்பாசியரைக் கலீஃபாக்களாக்கியது. அப்பாசியரும் குறைஷியரே.